கண்டதும் கொடுப்போம்

அந்த பாலிசிக்குப் பெயர் வைத்தவன்
விளம்பரப் பிரிவின் பக்கோன்.
'கண்டதும் கொடுப்போம், கதை முடிந்தது.'
கிருமியைக் கண்டதும் என்று பொருள்.
ஐந்நூறு பாட் கட்டினால் ஒரு லட்சம்.
ஆஸ்பத்திரி பில் வேண்டாம், படுக்க வேண்டாம்,
இருமக்கூட வேண்டாம்,
ஒரு தாள் போதும்.

முதல் வருஷம் பாங்காக்கில் நோயையே காணோம்.
ஆயிரத்துக்கு அரை ஆள் தேறாது என்றார்
எங்கள் கணக்கு நிபுணர் வீரயுத்.
விற்றோம். செல்பேசியில் விற்றோம்,
ரயில் மாறும் இடத்தில் மேசை போட்டு விற்றோம்.
டிசம்பரில் இரண்டு மாத போனஸ்.
என் பங்கில் ஒரு ஃபிரிட்ஜ் வந்தது.
இன்னும் ஓடுகிறது.

பிறகு ஜூலை.

திங்கள் முந்நூறு உறை.
செவ்வாய் எண்ணூறு.
புதன்கிழமை எண்ணவில்லை, எடை போட்டோம்:
நாற்பத்தொரு கிலோ.
வீரயுத் இரவு இரண்டு மணிக்கு அழைப்பார்.
"ஒரதை, இன்று எத்தனை மூட்டை?"
சொல்வேன்.
அந்தப் பக்கம் கால்குலேட்டர் தட்டும் சத்தம்கூட இருக்காது.

அலுவலக வாசலில் தரையில் வட்டம் வரைந்தோம்,
ஆளுக்கு ஒன்று, இரண்டு மீட்டர் தள்ளி.
விடியற்காலை நாலுக்கே வட்டங்கள் நிரம்பின.
வெயில் ஏறியதும்
செருப்பைத் தன் இடத்தில் விட்டுவிட்டு
மேம்பாலத்து நிழலுக்குப் போனார்கள்.
நான் மாடியிலிருந்து பார்க்கும்போது
ஆளில்லாத வரிசை ஒன்று
ரட்சதா சாலை வரை நின்றது.
கதவு திறக்கும்போதெல்லாம்
காவலாளி துடைப்பக் கட்டையால்
ஒவ்வொரு ஜோடியையும்
ஒரு வட்டம் முன்னே தள்ளுவார்.

படிவத்தில் பதினான்காவது கேள்வி:
தொற்று எப்படி ஏற்பட்டது?
'தெரியாது' என்றே எல்லாரும் எழுதினார்கள்.
பைக் டாக்ஸி ஓட்டும் தவீசக் மட்டும்
அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான்:
'மைத்துனன் குடித்த தம்ளரில் குடித்தேன்.
வண்டித் தவணை மூன்று மாதம் பாக்கி.'

வேண்டுமென்று வரவழைத்த நோய்க்கு ஈடு கிடையாது.
விதி ஒன்பது, உட்பிரிவு மூன்று.
முத்திரையைக் கையில் எடுத்துவிட்டேன்.
எடுத்தவள் கீழே வைத்துவிட்டு
அவனுக்குப் போன் போட்டேன்.
"பொய் எழுதச் சொல்றீங்களா அக்கா?"
"ஒரு சொல்தான்."
கொஞ்ச நேரம் இருமினான்.
"மீன் சாஸ் தண்ணியா இருக்கு.
மைத்துனனை நேத்து எரிச்சாச்சு.
கோயில்லகூட வரிசை."

புதுப் படிவம் வந்தது. 'தெரியாது.'
நானே ஒப்புதல் போட்டேன்.
பதினெட்டு வருஷத்தில் நான் சொன்ன முதல் பொய்.
அது மேலே போய்ச் சேருவதற்குள்
கஜானா காலி.

வெள்ளிக்கிழமை மாலை உரிமம் ரத்து.
தீ விபத்துக்குக் கட்டியவன், காருக்குக் கட்டியவன்,
நெல் கிடங்குக்குக் கட்டியவன்,
கிருமிக்கும் தனக்கும் தொடர்பே இல்லாதவன்
எல்லாரும் ஒரே நாளில் வெறுங்கையானார்கள்.
தனக்கென்று வீரயுத்
ஒரு பாலிசிகூட எடுத்திருக்கவில்லை என்று
அன்றுதான் தெரிந்தது.
நான் எடுத்திருந்தேன். இரண்டு.

அடுத்த வாரம் எனக்கும் இரண்டு கோடு.
குளியலறை விளக்கில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்.
முதலில் நினைத்தது இரண்டு லட்சம்.
அதற்கப்புறம்தான்
சுவருக்கு அந்தப் பக்கம் தூங்கும் மகன்.
இதைப் பதினான்காம் கேள்வி கேட்கவில்லை.
யாரும் கேட்கவில்லை.

இப்போது எல்லாம் அரசு நிதியத்தின் பொறுப்பு.
வேறு கட்டடம், வேறு வட்டங்கள்.
என் எண் எழுபதாயிரத்துச் சொச்சம்.
தவீசக் எனக்கு ஆறு பேர் முன்னால்.
அவனுக்கு என் முகம் தெரியாது,
சொல்லிக்கொள்ளவும் இல்லை.
அவன் செருப்பு நீலம், இடதில் வார் அறுந்து
கம்பி கட்டியிருக்கிறது.
நேற்று மழை இருட்டிக்கொண்டு வந்தது.
எங்கள் பழைய காவலாளிதான் அங்கும் வேலை செய்கிறார்.
குனிந்து குனிந்து
தண்ணீர் தேங்காதபடி
அத்தனை செருப்பையும் கவிழ்த்து வைத்தார்.
என்னுடையதையும்.